வாளையாறு தாண்டிய சீல்

டாக்டர் தேவானந்தம் சீல் குத்திவிட்டால் அது நல்ல கறி. ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அந்த நல்ல கறிக்கு நகராட்சி எல்லைக்குள்தான் மரியாதை. மேற்கே போய் வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் அது எவனோ எங்கேயோ அறுத்த கறியாகிவிடும். ஆடு உயிரோடு இருந்தால் ஒரு சான்றிதழைக் காட்டி, வண்டியில் ஏற்றிப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோகலாம். அதே ஆட்டை இங்கே அறுத்து, ஈரலைப் புரட்டி, கழுத்து நிணநீர்க் கணுவைக் கீறிப் பார்த்து, தொடையில் ஊதா மையால் சீல் குத்திவிட்டால் கொண்டுபோக முடியாது. மேலிடத்தில் யாரிடமாவது இதற்கு நியாயமான காரணம் இருந்திருக்கும். கறிக்கடை ரசாக்குக்கு இருபது வருஷமாக அது பிடிபடவில்லை.

“உசுரோட இருந்தா கேரளா போலாமுங்க. செத்துப்போச்சுன்னா போத்தனூரு தாண்டக்கூடாது. என்ன கணக்குங்க டாக்டர் இது?” என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார்.

“நான் ஆட்டைத்தான் பாக்கறேனுங்க பாய். சட்டத்தைப் பாக்கறது வேற டிபார்ட்மெண்ட்டு” என்பார் தேவானந்தம்.

தேவானந்தத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அரசாங்கக் கால்நடை மருத்துவர். போத்தனூர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவரின் மகன். நாமக்கல்லில் படித்து வெளியே வந்தபோது மாடு கன்றுகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆசையோடுதான் வந்தார். சில ஊர்களில் பார்க்கவும் பார்த்தார். பிறகு, போத்தனூரிலிருந்து பத்து கிலோமீட்டரில் இருக்கும் ஒரு சின்ன நகராட்சியின் ஆடு அறுவைமனைக்கு அவரை அனுப்பினார்கள். ஆறு மாதம் பாருங்கள், அதற்குள் வேறு ஆள் போட்டுவிடுகிறோம் என்றார்கள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். பிழைக்க வைக்கப் படித்த மனிதர், செத்தது ஒழுங்காகச் செத்ததா என்று பார்க்கும் வேலையில் தங்கிப்போனார். அதற்காக அவர் அலுத்துக்கொண்டதில்லை. காலை ஐந்து மணிக்கு பைக்கில் வந்து இறங்குவார். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரிசையாகத் தொங்கும் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வாரநாளில் நாற்பது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பதைத் தாண்டும். அதனால் சர்ச்சுக்கு இரண்டாவது ஆராதனைக்குத்தான் போவார்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மூக்கு. காய்ச்சல் கண்ட ஆடு, செத்த பிறகு அறுத்த ஆடு, மருந்து ஊற்றிய ஆடு எல்லாவற்றையும் கத்தியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். கருமத்தம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி பரிமாறிய இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்துபோய், சமையல்காரரிடம், “இது அறுத்த ஆடு இல்லீங்க, செத்த ஆடு” என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துப் பந்தியில் இருந்தார்கள். மனைவி கிருபாவதி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள், சமையல்காரர் உண்மையை ஒப்புக்கொண்டார் என்று தகவல் வந்த பிறகு பேசினார். அதுவும் அந்த மூக்கைத் திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தார்.

அப்பேர்ப்பட்ட மூக்கு 2021 மே மாதம் போனது. ஊருக்கெல்லாம் வந்த காய்ச்சல்தான் அவருக்கும் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது. இருமல் நின்றது. வாசனை மட்டும் திரும்பவில்லை. முதலில் அது அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகி, வீடு முழுக்கப் புகை. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. கிருபாவதி மாடியிலிருந்து ஓடி வந்தார்.

“ஏனுங்க, பால் கருகறது தெரியலீங்களா?”

“என்னது?” என்றார் அவர்.

கிருபாவதி மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். இரண்டும் இரண்டும் சேர்த்துப் பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பீளமேட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் எண்ணெய் நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து பாருங்கள், நரம்பு மெதுவாகப் பழைய நிலைக்கு வரும், ஆறு மாதம் பொறுங்கள் என்றார் அந்த டாக்டர். ஆறு மாதம் என்று யார் சொன்னாலும் தேவானந்தத்தின் வாழ்க்கையில் அது நடந்ததில்லை.

மூக்கோடு வேறு என்னென்னவோ போயிற்று. காப்பி சுடுதண்ணீராகவும் மீன்குழம்பு புளித்தண்ணீராகவும் ஆகிவிட்டன. அதுகூடப் பரவாயில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் ஜோஸ்லினுக்குக் குழந்தை பிறந்து, அதைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் குனிந்து குனிந்து குழந்தையை முகர்ந்து சிரித்தார்கள். தேவானந்தத்துக்கு எதுவும் தோன்றவில்லை. மூன்று கிலோ இருநூறு இருக்கும் என்று மட்டும் கை சொல்லியது. மனதின் மேல் ஒரு துணி போட்டு மூடியதுபோல இருந்தது. அதை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் மோசம்.

“ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுங்க. வேற வேலை தருவாங்க” என்றார் கிருபாவதி.

“வந்துரும். பாக்கலாம்.”

பார்க்கலாம் என்று நாலு வருஷம் போயிற்று. ஆட்டைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், கத்தியால் கீறலாம். பெரும்பாலான கோளாறுகள் அதிலேயே பிடிபட்டுவிடும். பிடிபடாதது சில உண்டு. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

காய்ச்சலிலிருந்து திரும்பி வந்து கொஞ்ச நாளில் அதைக் கவனித்தார். ரசாக் அறுவைமனையில் கடைக்காரர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி. எல்லாருடைய ஆட்டையும் டாக்டரோடு கூடவே நடந்து பார்த்துக்கொண்டு வருவார். எப்போதும் டாக்டருக்கு இடது பக்கம்தான் நிற்பார். ஆட்டில் ஏதாவது வாடை இருந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். நல்ல ஆடு என்றால் துண்டு தோளிலேயே கிடக்கும். தேவானந்தம் இதை ஒரு மாதம் சோதித்துப் பார்த்தார். துண்டு எழுந்த ஆடுகளைச் சீல் குத்தாமல் ஒதுக்கினார். அறுவைமனையில் வேலை செய்பவர்கள், “டாக்டரு மூக்குன்னா மூக்குதானுங்க” என்றார்கள். ரசாக்கும் தலையை ஆட்டினார்.

நாலு வருஷமாக அந்த அறுவைமனையின் மூக்கு ரசாக்கின் தோள் துண்டுதான். பாவம், மனிதருக்கே தெரியாமல் அவர் மூக்கைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தேவானந்தம் நினைத்துக்கொள்வார். நினைப்பதோடு சரி, அதில் கூச்சமோ குற்ற உணர்ச்சியோ வரவில்லை.

போன வருஷக் கடைசியில்தான் அந்தச் செய்தி வந்தது. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் பேசி, சோதனை முறையில் சில அறுவைமனைகளை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே உள்ளூர் டாக்டர் பார்த்துச் சீல் குத்திய கறி குளிர்பெட்டி வண்டியில் வாளையாறு தாண்டலாம். பட்டியலில் இந்த அறுவைமனையும் இருந்தது. நல்ல பேர் எடுத்த டாக்டர் என்பதும் ஒரு காரணம் என்று சொன்னார்கள்.

ரசாக்குக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. அவருடைய மகள் ஆஃப்ரினைப் பாலக்காட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மருமகன் அய்மனுக்குத் துபாயில் வேலை போய், ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இங்கிருந்து கறி வந்தால் அங்கே ஒரு கடை போட்டுவிடலாம் என்பதுதான் அவர்களிடம் மிச்சமிருந்த ஒரே யோசனை. உயிரோடு ஆடு கொண்டுபோய் ஏற்கெனவே பார்த்தாயிற்று. வெயிலில் நின்றே போன ஆடு வாடிப்போனது. அங்கே அறுப்பதற்கு இடத்துக்கும் ஆளுக்கும் அலைந்ததில் அய்மனும் வாடிப்போனான்.

“இத்தோட என்ற புள்ள ஊட்டுல வெளக்கு எரியுமுங்க டாக்டர்” என்றார் ரசாக்.

“நல்லதுங்க பாய்” என்றார் தேவானந்தம். அவருக்கும் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது.

ஒரு வாரம் கழித்துச் சான்றிதழுக்கான படிவ நமூனா வந்தது. இத்தனை வருஷமும் சீலுக்குப் பக்கத்தில் ஒரு சுருக்கக் கையெழுத்து போதும். இனி எல்லை தாண்டும் கறிக்கு அது போதாது. கீழே இப்படி அச்சடித்திருந்தது: “மேற்கண்ட இறைச்சியை நான் நேரில் கண்டும் தொட்டும் முகர்ந்தும் ஆய்வு செய்தேன். மனிதர் உண்ணத் தகுந்தது எனச் சான்றளிக்கிறேன்.” அதன் கீழே பெயர், பதவி, கையெழுத்து.

நமூனாவை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் போட்டார். கிருபாவதி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தார், கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

“இதுல கையெழுத்துப் போடப் போறீங்களா?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“மேக்னா டாக்டரைக் கூப்பிடலாமுங்களே. நீங்க லீவு போட்டா அந்தப் பொண்ணுதானே வந்து பாக்குது” என்றார் கிருபாவதி. மேக்னா பக்கத்து ஊர் மருந்தகத்தில் இருக்கும் இளம் டாக்டர். கூப்பிட்டால் வரக்கூடியவர்தான்.

“மொத நாளே கூப்பிட்டா என்னன்னு கேப்பாங்க.”

“கேட்டா சொல்லுங்க.”

“ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்குது, கிருபா.”

அதற்கு மேல் கிருபாவதி வற்புறுத்தவில்லை. நமூனாவை மடித்து அவர் பையிலேயே வைத்தார்.

முதல் வண்டி ஒரு வெள்ளிக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. ரசாக் முந்தின நாளே பாலக்காட்டுக்குப் போய்விட்டார். கடை திறப்பு, ஓதுவதற்கு ஆட்கள், கறி வந்து இறங்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். போவதற்கு முன் அறுவைமனையில் தேவானந்தத்தைப் பார்த்தார்.

“நாளைக்கு நான் இருக்க மாட்டேனுங்க டாக்டர்.”

“தெரியும் பாய். நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்குங்க. யாரையாச்சும் ஒத்தாசைக்குக் கூப்பிடணும்ன்னாலும் கூப்பிட்டுக்குங்க” என்றார் ரசாக். பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். தேவானந்தம் சீல் கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். ரசாக் கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு ஆடுகள் தனியாகத் தொங்கின. தேவானந்தம் ஒன்றுவிடாமல் பார்த்தார். அவ்வளவு பொறுமையாக அவர் பார்த்து வெகுநாள் ஆகிறது. ஈரல், நுரையீரல், சிறுநீரகம், தொடை நிணநீர்க் கணு எல்லாம் கீறிப் பார்த்தார். புழு இல்லை, கட்டி இல்லை, ரத்தம் நன்றாக வடிந்திருந்தது. எட்டாவது ஆட்டின் முன்னால் நின்றபோது வழக்கம்போலக் கண் இடது பக்கம் போயிற்று. அங்கே யாரும் இல்லை. சுவரும் தண்ணீர்க் குழாயும்தான் இருந்தன. பையில் போன் இருந்தது. எடுத்து மேக்னாவின் பேரைத் தேடிப் பிடித்தார். மணி ஐந்தேமுக்கால். இந்நேரத்துக்கு ஒரு பெண்ணை எழுப்புவதா என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போனைப் பையில் போட்டார். எட்டாவது ஆட்டுக்கும் சீல் விழுந்தது.

சான்றிதழில் கையெழுத்துப் போட்டபோது பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேனாவை மூடி வைத்தார். வண்டி கிளம்பியது. ஏழரை மணிக்கு வாளையாற்றைத் தாண்டிவிட்டதாக டிரைவர் போன் செய்தான். சீலைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள், போகச் சொல்லிவிட்டார்கள் என்றான். அறுவைமனையில் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். தேவானந்தமும் ஒன்று தின்றார்.

பதினோரு மணிக்கு ரசாக் கூப்பிட்டார்.

“ஒரு ஆட்டுல டர்பன்டைன் வாடைங்க டாக்டர்.”

சந்தைக்கு வருவதற்கு முந்தின நாள் அந்த ஆட்டுக்கு வயிறு உப்பியிருக்கிறது. வளர்த்தவர்கள் வழக்கம்போல டர்பன்டைனை நல்லெண்ணெயில் கலந்து வாயில் ஊற்றியிருக்கிறார்கள். உப்புசம் வடிந்தது. ஆடு எழுந்து நின்றது. சந்தையில் விற்றுவிட்டார்கள். வஞ்சகம் ஒன்றும் கிடையாது. ஊரில் எல்லாரும் செய்கிற கைவைத்தியம்தான். ஆனால் அந்த எண்ணெய் கறியில் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியாது. மூக்கு இருக்கிறவனுக்குப் பக்கத்தில் போனாலே தெரியும். பாலக்காட்டுக் கடையில் கறியை இறக்கியபோது அந்தப் பக்கத்து டாக்டரும் வந்திருக்கிறார். எட்டாவது ஆட்டின் பக்கத்தில் போனவர் நின்றுவிட்டார். ஒரு துண்டை வெட்டிச் சுடுதண்ணீரில் போட்டு மூடி, திறந்து காட்டினார். திறப்புக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் வாடை அடித்தது. பன்னிரண்டு ஆட்டையும் ஒதுக்கிக் கடையைச் சாத்தச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் ரசாக் நேராகப் போத்தனூருக்கு, தேவானந்தத்தின் வீட்டுக்கு வந்தார். திறப்பு விழாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையிலேயே வந்திருந்தார். கிருபாவதி டீ கொடுத்தார்.

“பதினோரு ஆடு நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றார் ரசாக்.

“ம்.”

“திங்கக்கெழமை ஆபீஸ்ல விசாரணைங்களாம். ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க.”

“எனக்கும் போன் வந்துச்சுங்க பாய்.”

ரசாக் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை உடனே கீழே வைக்காமல் கையில் உருட்டிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார். தேவானந்தம் மின்விசிறியைப் பார்த்தார். “வாரேனுங்க அம்மணி” என்று கிருபாவதியிடம் சொல்லிவிட்டு ரசாக் எழுந்து போனார்.

“அவரு கேக்காமயே கேட்டுட்டுப் போறாரு” என்றார் கிருபாவதி. “உங்களுக்கு அதுவுமா தெரியலை?”

திங்கட்கிழமை கோவையில் விசாரணை. திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி சாய்ப்ரியா. நாற்பது வயதுக்குள் இருப்பார். கடுகடுப்பு இல்லாத பெண். தேவானந்தத்தை முதலில் உட்காரச் சொன்னார். ரசாக் நின்றார்.

“டாக்டர், உங்க மூக்கைப் பத்தி டிபார்ட்மெண்ட்ல தெரியாதவங்க இல்லை. நான் ட்ரெயினிங்ல இருந்தப்பவே அந்தக் கல்யாணக் கதையைக் கேட்டிருக்கேன்” என்றார். “டர்பன்டைன் வாடையை நீங்க விட்டிருக்க வாய்ப்பே இல்லை. அப்ப ஒண்ணுதான் நடந்திருக்கணும். நீங்க சீல் குத்துனதுக்கு அப்புறம் ஒரு ஆட்டை மாத்தி வெச்சிருக்காங்க. சீலைக் காப்பி அடிக்கிறது பெரிய வேலை இல்லை.” ரசாக்கைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் மாத்தலீங்க மேடம்” என்றார் ரசாக். அதோடு நிறுத்திக்கொண்டார்.

தேவானந்தத்துக்குத் தன் முன்னால் கதவு திறந்து கிடப்பது நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். மீதி இரண்டு வருஷம் ஓடிவிடும். ரசாக்கின் கடையும் பேரும் போகும். பாலக்காட்டில் அந்தப் பிள்ளைகளுக்குக் கடை என்ற பேச்சே இருக்காது. அவர் ரசாக்கைப் பார்த்தார். ரசாக் தன்னைப் பார்க்கவில்லை என்பதையும் பார்த்தார். தன் பக்கம் திரும்பினால் அது கெஞ்சுவதாக ஆகிவிடும் என்று அந்த மனிதர் வேண்டுமென்றே அதிகாரியின் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாத்தலை மேடம். அது நான் சீல் குத்தின ஆடுதான். எட்டாவது ஆடு” என்றார் தேவானந்தம். “எனக்கு வாடை தெரியாது. நாலு வருஷமாத் தெரியாது.”

சாய்ப்ரியா பேனாவைக் கீழே வைத்தார். “என்ன சொல்றீங்க டாக்டர்?”

எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல், பீளமேட்டு டாக்டர், ரசாக்கின் துண்டு வரைக்கும் சொன்னார். யாரோ ஒரு மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் குரல் இருந்தது.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“என் சம்சாரத்துக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. பாய்க்கு இதுல சம்பந்தமே இல்லை. அவருக்குத் தெரியாமத்தான் நான் அவரைப் பாத்துக்கிட்டேன்.”

ரசாக் தப்பித்துவிட்டார். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதிகாரி தலையை ஆட்டி எழுதத் தொடங்கியிருந்தார்.

“எனக்குத் தெரியுமுங்க மேடம்” என்றார் ரசாக்.

தேவானந்தம் திரும்பினார்.

“டாக்டரு காய்ச்சல்ல இருந்து வந்த ரெண்டாவது வாரமே தெரியுமுங்க. கிட்ட நிக்க முடியாத நாத்தம் அடிச்ச ஆட்டுக்குச் சீல் குத்திப்போட்டாரு. நான்தான் அதைக் காதும் காதும் வெச்ச மாதிரி எடுத்துட்டுப் போய்ப் பொதைச்சேன். அன்னிக்கிருந்துதான் பக்கத்துல நின்னேன். வாடை வந்தா துண்டை எடுத்து மொகத்தைத் தொடைப்பேன். டாக்டரு புரிஞ்சுக்குவாரு.”

“நீங்க உடனே எங்ககிட்டச் சொல்லியிருக்கணும்.”

“ஆமாங்க. மூக்குக்குப் பேர் போன மனுசன். நாலு பேர் மத்தியில சொல்ல மனசு வரலீங்க. அவரா சொல்லுவாருன்னு இருந்துட்டேன்.” ரசாக் கொஞ்சம் நிறுத்தினார். “மொத வண்டி அன்னிக்கு நான் பாலக்காட்டுல இருக்கணுமுன்னு ஆனதும் மேக்னா டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேனுங்க. காலைல டாக்டரு கூப்பிடுவாரு, சித்த வந்துட்டுப் போங்கன்னு. அந்தப் பொண்ணு அஞ்சு மணிக்கே கெளம்பி வண்டிச் சாவியைக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்குது. ஆறரை வரைக்கும் உக்காந்திருக்குது. முகந்து பாத்தேன்னு எழுதியிருக்கிற கடுதாசில டாக்டரு கையெழுத்துப் போடுவாருன்னு நான் நெனைக்கவே இல்லீங்க மேடம்.”

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அதிகாரியின் கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னார்.

சாய்ப்ரியா வெகுநேரம் எழுதினார். தேவானந்தத்துக்குக் குற்றக் குறிப்பாணை வரும், அதுவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அறுவைமனையைச் சோதனைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். தெரிந்தே மறைத்த காரணத்துக்காக ரசாக்கின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைக்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். அப்போது அவர் குரல் இறங்கித்தான் இருந்தது. “நீங்க சும்மா இருந்திருந்தா இது வந்திருக்காது” என்றார் ரசாக்கிடம்.

“தெரியுமுங்க” என்றார் அவர்.

இரண்டு பேரும் படியிறங்கி வெளியே வந்தார்கள். வாகனங்கள் நிற்கும் இடத்தில் ஒரு வேப்பமரத்து நிழலில் ரசாக் நின்றார்.

“ஏன் பாய் சொன்னீங்க? உங்களை விட்டுட்டுத்தானே நான் சொன்னேன்.”

“உங்களுக்கு நல்லது பண்றேன்னு நெனைச்சுட்டு நாலு வருசம் அங்க நின்னுபோட்டேனுங்க டாக்டர். அன்னிக்கே மொகத்துக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க அன்னிக்கே ஒத்துக்கிட்டிருப்பீங்க. கேக்கலை. அப்பறம் எனக்கும் அது பழகிப்போச்சு.”

தேவானந்தத்துக்குக் கழுத்திலிருந்து சூடு ஏறியது. வெயிலால் வந்ததோ என்று முதலில் நினைத்தார். பிறகுதான் அது என்னவென்று விளங்கியது. வெட்கம். இந்த மனிதரின் மூக்கைக் களவாடுவதாக நினைத்துக்கொண்டு நாலு வருஷம் நின்றிருக்கிறார். அவர் எடுத்தது எல்லாம் அந்த மனிதர் தினமும் தெரிந்தே கொடுத்தது. காதுமடல் எரிந்தது. நாலு வருஷத்தில் அவருக்கு இப்படி எதுவும் வந்ததில்லை. இதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

ரசாக்கின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் ஆஃப்ரின் என்று இருந்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது.

“புள்ளைக்கு என்னன்னு சொல்றதுன்னு தெரியலீங்க” என்றார் ரசாக்.

“எங்கிட்டக் குடுங்க பாய்.”

ரசாக் தயங்கினார். தேவானந்தம் கையை நீட்டிக்கொண்டே நின்றார். ரசாக் போனைக் கொடுத்தார்.

“அம்மணி, நான் டாக்டர் தேவானந்தம் பேசறேன்” என்றார். “கடை நின்னுபோச்சு அம்மணி. உங்கப்பா மேல தப்பில்லை. அந்த ஆட்டுக்குச் சீல் குத்துனது நான். அது நாறினது எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்லாம முகந்து பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் ஆஃப்ரின் போனை வைக்கவில்லை. பின்னால் அய்மன், “என்னாச்சாம்?” என்று கேட்பது மட்டும் கேட்டது. தேவானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.